மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று முதலில் கேளுங்கள்

மனநல மருத்துவரிடம் இரண்டாம் முறை போகும்போது அவர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்பதுதான். வந்தவர் "ஆமா" என்று தலையாட்டுவார். கூட வந்த அம்மாவோ மனைவியோ வாயைத் திறக்காமல் தரையைப் பார்ப்பார். அந்த ஒரு "ஆமா"வுக்குள் பல பேர் இருக்கிறார்கள். ராத்திரி மாத்திரையை மட்டும் போட்டுக் காலை மாத்திரையை விட்டவர், பாதியாக உடைத்துப் போட்டவர், மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் பத்து நாள் விட்டவர், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவசரமாக மறுபடி தொடங்கியவர்.

மருந்தைத் தொடர்ந்து எடுப்பது என்றால், மருத்துவரும் நோயுள்ளவரும் பேசி முடிவு செய்த மருந்தை, முடிவு செய்த அளவில், முடிவு செய்த காலம் வரை எடுப்பது. இதில் தவறுவது மனநோய் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. நீண்டநாள் நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பிரஷர் மாத்திரையை மறந்தவரை நாம் "மறந்துட்டாரு" என்கிறோம். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர் மறந்தால் "அடங்க மாட்டேங்கிறான்" என்கிறோம். இது நியாயம் இல்லை. நான் பார்த்த வரையில், காரணமே இல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதிக்கு மேல் சரி செய்துவிடலாம்.

நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மாத்திரை?

அடிக்கடி வருகிற காரணம் இதுதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திப் பழகியவர்கள் நாம். ஆனால் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), இருதுருவ மனநோய் (பைபோலார்) போன்றவற்றில் மருந்து அறிகுறிகளை அடக்கி வைக்கிறதே தவிர, நோய் திரும்பி வரும் வாய்ப்பை உடனே அழித்துவிடுவதில்லை. நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம்.

மனச்சிதைவு பற்றிய 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இந்த எண்ணை இரண்டு பக்கமும் மறைக்காமல் வாசிக்க வேண்டும். மருந்து போட்டும் நாலில் ஒருவருக்கு மேல் திரும்பியிருக்கிறது. நிறுத்தியும் மூன்றில் ஒருவருக்கு அந்த ஆண்டில் திரும்பவில்லை. "மாத்திரை போட்டா வரவே வராது" என்று சொல்லி வைத்தால், ஒரு தடவை வந்ததும் மாத்திரையின் மேல் இருக்கிற நம்பிக்கையே போய்விடும். ஆபத்து ஏறக்குறைய பாதிக்கும் கீழே குறைகிறது என்று உள்ளபடி சொல்வதுதான் நல்லது.

ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் வருவதில்லை. சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதற்கிடையில் பக்கவிளைவுகள் விலகும். தூக்கக் கலக்கம் போகும், முகம் தெளியும். "மாத்திரைய விட்ட பிறகுதான் ஆளு பழைய மாதிரி ஆயிருக்கான்" என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் ஒருநாள் ஊர்க் கோயில் கொடை நேரத்திலோ ஒரு சண்டைக்குப் பின்போ நோய் திரும்பும்போது, மூன்று மாதம் முன்பு நின்ற மாத்திரை யாருக்கும் நினைவுக்கு வராது. கொடைக் கூட்டத்தில் யாரோ பார்த்த பார்வை, பக்கத்து வீட்டுக்காரர் வைத்த கூடோத்திரம் (செய்வினை) என்று பழி வேறெங்கோ போகும்.

மனச்சோர்வு மாத்திரையில் இதற்கு நேர் எதிரான சிக்கல். அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, பதற்றம் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். துன்பம் முதலில், பலன் பின்னால் என்று யாரும் சொல்லாவிட்டால் பத்தாம் நாளில் நிறுத்திவிடுவது மனித இயல்பு. மாத்திரை எழுதும் அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டால் பலர் தாண்டிவிடுவார்கள்.

பக்கவிளைவு: வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் நோயென்று நினைப்பது பல சமயம் மருந்தின் விளைவாக இருக்கும்.

மனச்சிதைவுக்கான சில மருந்துகள், முக்கியமாகப் பழைய வகையைச் சேர்ந்த ஹாலோபெரிடால் போன்றவை, தொடங்கிய சில நாட்களில் தசைகளை இழுத்துப் பிடிக்கலாம். கழுத்து ஒரு பக்கமாகத் திருகும், கண் மேலே சொருகும், நாக்கு வெளியே தள்ளும். இதைப் பார்த்துப் பயந்து, பேய் இறங்கியது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் இது சரியாகிவிடும். அந்த மருந்தைக் குறைக்கலாம், மாற்றலாம், இழுப்பைத் தடுக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி இன்னொரு மாத்திரை சேர்க்கலாம். ஆனால் அந்த ஒரு ராத்திரியின் பயத்தில் "அந்த மருந்தே வேண்டாம்" என்று முடிவு செய்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, கால் ஓரிடத்தில் நிற்காத தவிப்பு. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தாலும் அடங்காது. ராத்திரி முழுக்க முற்றத்தில் நடக்கிற மகனைப் பார்த்து அம்மா "நோய் கூடிப்போச்சு" என்று நினைத்து இன்னொரு மாத்திரையைக் கொடுப்பார். அதுவே தவிப்பைக் கூட்டும். "உள்ளுக்குள்ள ஒரு மாதிரி உருட்டுது" என்று அவர் சொன்னால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைக் குறைக்க மருந்து இருக்கிறது.

உடம்பு எடை கூடுவது, ஓலான்ஸபின் போன்ற மருந்துகளில் அதிகம். ஆறு மாதத்தில் சட்டையெல்லாம் இறுகிப்போன இளைஞனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு நான்கையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம் அல்லது நிற்கலாம், மார்பில் பால் சுரக்கலாம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இது நடந்தால் வீட்டில் எழும் சந்தேகத்தை நினைத்துப் பாருங்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாள். ஆண்களுக்கு, மனச்சோர்வு மாத்திரைகளால் தாம்பத்தியத்தில் சிரமம் வருவதும் இப்படித்தான். மனைவிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்ல வெட்கம், மாத்திரையை விடுவது சுலபம். மருத்துவர்கள் இதைத் தாமாகவே, தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் "கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, அதற்குத் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று தெரிந்துகொள்வது நோயுள்ளவரின் உரிமை.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து மனம் குழம்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்து எடுப்பவருக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பால் வெட்டும் கத்தியும் கடலும்

மருந்துச் சீட்டில் "இரவு 1" என்று இருக்கும். அந்த இரவு எத்தனை மணிக்கு முடிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பத்து மணிக்குப் போட்ட மாத்திரையின் கலக்கம் மூன்று, நான்கு மணிக்கும் விலகியிருக்காது. கையில் இருப்பதோ கூர்மையான கத்தி, காலடியில் வழுக்கும் சரிவு. அவர் மாத்திரையை விடுவது அறியாமையால் இல்லை, கூலியைக் காப்பாற்றிக்கொள்ள. "நான் பால் வெட்டுக்குப் போறேன், மூணு மணிக்கு எழும்பணும்" என்று அவர் சொன்னால், மருத்துவர் மாத்திரையைச் சாயங்காலத்துக்கு நகர்த்தலாம், கலக்கம் குறைந்த மருந்துக்கு மாற்றலாம். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் எத்தனையோ பேர் மாத்திரையையே விட்டிருக்கிறார்கள்.

கடற்கரையில் வேறு கணக்கு. தூத்தூர் வட்டார விசைப்படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவை. கரைக்கு வரும் தேதி மீன்பாட்டைப் பொறுத்தது. முப்பது நாள் மாத்திரை கையில் இருந்து முப்பத்தைந்தாம் நாளும் கடலில் இருந்தால் என்ன செய்வது? போகும்போதே கூடுதலாகச் சில நாள் மாத்திரை கேட்டு வாங்கி, நனையாத டப்பாவில் வைத்து, நம்பிக்கையான கூட்டாளி ஒருவரிடம் சொல்லி வைப்பதுதான் வழி. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து எடுப்பவர் கடலுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டாலும் ஏறும். கை பெரிதாக நடுங்கி, வாந்தி பேதி வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது விஷமாகும் நிலை. லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மீன்பிடித் தடைக்காலம். கரையில் இருக்கிற அந்த இரண்டு மாதத்தில் பரிசோதனைகளை முடித்து, மருந்தளவை மருத்துவரிடம் பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மருத்துவரின் சீட்டில்லாமல் மாத்திரையைப் பெட்டியில் வைக்க வேண்டாம். சில நாடுகளில் சில மனநல மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் மாறி மாறிக் காட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, இரண்டும் சேர்ந்து உள்ளே போய்விடும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், அல்லது இரண்டு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு வைத்தியம் எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

கல்யாணம், கர்ப்பம்

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிரும்" என்பது இங்கே இன்னும் ஓயாத பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் அனுப்பப்பட்ட பெண், சேலை மடிப்புக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைப்பாள். மாமியார் படுத்த பிறகு போடலாம் என்று இருப்பாள், ஒருநாள் முடியாது, மறுநாளும் முடியாது. அட்டை தீர்ந்தால் வாங்கி வரச் சொல்ல ஆள் கிடையாது. புது வீட்டின் தூக்கக்கேடும் சேர்ந்துகொள்ளும். மூன்றே மாதத்தில் ஆஸ்பத்திரியில் நிற்கிற இந்தப் பெண்ணை "மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க" என்று பேசுவார்கள். மறைத்தது அவள் இல்லையே. கணவர் ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தால் பெரும்பாலான குழப்பம் வராது.

பிள்ளைப்பேறு எதிர்பார்க்கிறவர்கள், தள்ளிப்போன பிறகு பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதை விட, முன்பே மருத்துவரிடம் பேசுவது பாதுகாப்பு. இருதுருவ மனநோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும் என்பது நன்கு தெரிந்தது, அதை முன்பே மாற்றுவார்கள். மற்ற பல மருந்துகளைத் தொடரலாமா என்பது ஒவ்வொருவரின் நிலையைப் பொறுத்தது. பிரசவத்துக்குப் பின்னான வாரங்களில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதால் அந்த நேரத்தில் வீட்டார் அவளைத் தூங்க விட வேண்டும்.

காப்பியில் கலந்து கொடுக்கலாமா?

"மக்களே, மாத்திரை போட்டியா?" "போட்டாச்சும்மா." மறுநாள் தலையணையைத் தூக்கினால் உறைக்குள் நாலு மாத்திரை. இந்த நிலையில் கடுங்காப்பியில் பொடித்துக் கலக்கிற அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவருக்கு, ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அவர் சந்தேகம் நிஜமாகிவிடும். அன்றோடு வீட்டுச் சாப்பாடும் போகும், அம்மா மேல் இருந்த நம்பிக்கையும் போகும். பொடிக்கக் கூடாத மாத்திரைகளும் இருக்கின்றன.

தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருப்பது மனச்சிதைவின் ஒரு பகுதி. அதனால் "உனக்கு நோய், ஒத்துக்கோ" என்று வாதாடினால் அவர் இன்னும் விலகுவார். அவருக்கு வேண்டியது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் வேண்டுமா, காதில் கேட்கிற சத்தம் குறைய வேண்டுமா, வேலைக்குத் திரும்ப வேண்டுமா? "தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம்" என்றால் வருகிறவர் உண்டு. தினமும் மாத்திரை என்பதே போராட்டமானால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி இருக்கிறது. இதைத் தண்டனையாகக் காட்டாமல், அவருடைய சம்மதத்தோடு செய்யும்போது வீட்டில் தினமும் நடக்கிற சண்டை நின்றுபோகும்.

பிரார்த்தனை பற்றியும் ஒரு வார்த்தை. கோயில், சர்ச், தர்கா எங்கு போனாலும் மனதுக்குக் கிடைக்கிற ஆறுதல் உண்மையானது, போகட்டும். "விசுவாசம் இருந்தா மாத்திரைய விடு" என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம். மாலை போட்டாலும், தவக்காலமோ ரம்ஜான் நோன்போ இருந்தாலும், மாத்திரை நேரத்தை மாற்றித் தரும்படி மருத்துவரைக் கேட்டால் அவர் மாற்றித் தருவார்.

அன்றாடம் உதவுவது

ஒரு நாளைக்கு மூன்று வேளை இருக்கும் மருந்தை ஒரு வேளையாகச் சுருக்க முடியுமா என்று கேளுங்கள். பல மருந்துகளில் முடியும். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு, ராத்திரிச் சாப்பாட்டோடு, மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். கிழமை எழுதிய டப்பா மலிவானது, போட்டதா இல்லையா என்ற தகராறை அது தீர்க்கும். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வரும்போது போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் குளோசபின், ஓலான்ஸபின் அளவு உடம்பில் மாறும், அதையும் சொல்ல வேண்டும்.

காசு காரணமானால், மனநலச் சட்டம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக முடியாதவர்கள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறார் என்று அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இரவு நேரத்தில் சந்தேகம் வந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

நிறுத்துவது எப்போது?

எல்லாருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை இல்லை. முதல் தடவை மனச்சோர்வு வந்தவர் நன்றாக ஆன பின் சுமார் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வது வழக்கம், பலமுறை வந்தவருக்கு இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல். முதல் மனச்சிதைவுக்குக் குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு, பல தடவை வந்தவருக்கு இன்னும் நீண்ட காலம். நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அது அடிமைத்தனம் இல்லை, மெதுவாகக் குறைத்தால் போகும். அல்ப்ராசோலம், குளோனஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் வேறு வகை. அவற்றுக்கு உடம்பு பழகிவிடும், நீண்டநாள் எடுத்தவர் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

குறைக்கும் மாதங்களில் வீட்டார் பார்க்க வேண்டியது தூக்கத்தைத்தான். மற்ற அறிகுறிகளுக்கு முன்பு பெரும்பாலும் தூக்கம் கெடும். அப்புறம் குளிக்காமல் இருப்பது, தனக்குத்தானே முணுமுணுப்பது, கையில் காசு தங்காமல் செலவழிப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை இருக்கும். போன தடவை எது முதலில் வந்தது என்று நன்றாக இருக்கும் நாளில் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோய் திரும்பினால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டவே வேண்டாம், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்பதை முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதி வைக்கவும் மனநலச் சட்டம் இடம் தருகிறது. ஊசி பிடிக்காது, இந்த மாத்திரை கழுத்தை இழுத்தது, அக்காவைக் கூப்பிடுங்கள், அண்ணனைக் கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்கிற மாதிரியே எழுதலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் காட்டி, அதை முறைப்படி பதிவு செய்வது எப்படி என்று கேளுங்கள்.